வலது கையை வெட்டிவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பைப் பிரித்தால் அமெரிக்கக் கிடார்க் கலைஞர் செட் அட்கின்ஸ் சிரித்துக்கொண்டிருக்கிறார். என்னால் நம்பவே முடியவில்லை. இருபது வருஷமாக அந்த மனிதரின் இசைத்தட்டுகளைத் தேடித் தேடிக் கேட்டுக்கொண்டிருக்கிறவன் நான், தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் அவர் பெயரை அச்சில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. 1956-ல் ஆர்சிஏ விக்டர் என்ற இசைத்தட்டுக் கம்பெனி வெளியிட்ட ‘ஃபிங்கர் ஸ்டைல் கிடார்’ ஆல்பத்தை எடுத்துக்கொண்டு முழுப் பக்கத்துக்கு எழுத வைத்திருக்கிறீர்கள். எழுதியவருக்கு என் நன்றியைச் சொல்லிவிடுங்கள். அதோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் கட்டுரையில் ஒரு வரி இரண்டு நாளாக மனதைப் போட்டுக் குடைகிறது, மேலே போட்ட படமும் குடைகிறது, அதனால் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். இடம் இல்லையென்றால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், கட்டை விரல் வருகிற இடத்தில் மட்டும் கத்தரியை வைக்காதீர்கள்.

முதலில் படம். மனிதர் கோட்டு சூட்டில் இருக்கிறார், கிடாரின் கழுத்து தெரிகிறது, இடது கை ஒரு கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்களை, பிடித்திருப்பது தெரிகிறது. வலது கை? மணிக்கட்டுக்கு மேலேயே பத்தி ஓரத்தில் காணாமல் போய்விட்டது. பக்க வடிவமைப்பவருக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது. புரிகிறது. ஆனால் கட்டுரை முழுக்க ஒரு மனிதர் விரலால் என்ன செய்தார் என்பதைப் பற்றி, படத்திலோ அந்த விரல்கள்தான் இல்லை. கால்பந்து வீரரை இடுப்புக்கு மேல் படம் எடுத்த மாதிரி.

இப்போது அந்த வரி. ‘கன்ட்ரி இசைக் கலைஞர் ஒருவர் தன் எல்லையைத் தாண்டி ஜாஸ், ஐரோப்பியச் செவ்வியல், வெகுஜனப் பாட்டு எல்லாவற்றையும் கலந்து பார்த்த சோதனை முயற்சி’ என்று கட்டுரை சொல்கிறது. (கன்ட்ரி என்றால் அமெரிக்கத் தென்பகுதி நாட்டுப்புறத்திலிருந்து வந்த இசை.) கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் படித்தால் ஏதோ சுத்தமான கன்ட்ரி இசை ஒரு பானை நிறைய இருந்தது போலவும், அட்கின்ஸ் அதில் ஒரு கரண்டி ஜாஸ், அரைக் கரண்டி செவ்வியல் என்று ஊற்றிக் கிண்டியது போலவும் தோன்றுகிறது. அப்படிச் சுத்தமான பானை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை ஐயா. அவர் கட்டை விரலில் வந்ததே கலவைதான். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், மீதியெல்லாம் ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு.

அந்த விரல் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘விரல்களால் மீட்டும் பாணி’ என்று மூன்றே சொல்லில் கட்டுரை அதைக் கடந்து போய்விட்டது. விரலால் மீட்டுவது ஸ்பெயினிலும் உண்டு, பிரேசிலிலும் உண்டு. அட்கின்ஸ் செய்வதில் ஒரு தனி வேலைப் பிரிவினை இருக்கிறது. கட்டை விரலில் மூக்கு நீட்டிய ஒரு பிளாஸ்டிக் வளையம் மாட்டியிருப்பார், தம்ப் பிக் என்பார்கள். பாட்டு தொடங்கியதிலிருந்து முடிகிற வரை அந்தக் கட்டை விரல் தடித்த கம்பிகளில் ஒவ்வொரு அடிக்கும் மாறி மாறித் தட்டிக்கொண்டே போகும்: ஆறாவது கம்பி, நாலாவது கம்பி, ஐந்தாவது, மறுபடி நாலாவது. அதே நேரம் உள்ளங்கையின் அடிச்சதை, மணிக்கட்டை ஒட்டி இருக்கிறதே அது, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் ஓரமாக அந்தத் தடித்த கம்பிகளின் மேல் லேசாக உட்கார்ந்திருக்கும். ரொம்ப அழுத்தினால் கம்பி செத்துவிடும், விட்டால் சத்தம் நீண்டு பாட்டை மூடிவிடும், அதனால் ஒரு இழை அளவுக்குத்தான் அழுத்தம். பேஸ் சத்தம் ‘டும், டும்’ என்று அமுங்கி வரும். மெல்லிய கம்பிகளின் மேல் கை படாது, அவை கணீரென்று பேசும். ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் அங்கேதான் பாட்டைப் பாடும், அதிலும் பாதி ஸ்வரங்கள் அடியின் மேல் விழாமல் இரண்டு அடிக்கு நடுவிலுள்ள சந்தில் போய் விழும்.

வீணை பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் ராகத்தை மீட்டிக்கொண்டிருக்க, சுண்டு விரல் பக்கத்திலுள்ள தாளத் தந்திகளைத் தொட்டுக்கொண்டிருக்கும் அல்லவா, அந்த மாதிரி ஒரு பிரிவினை. ஆனால் தாளத் தந்திகள் எப்போதும் ஒரே சுருதியில் நிற்பவை. இங்கே இடது கை கார்டை மாற்ற மாற்ற, கட்டை விரலும் கம்பி மாறியாக வேண்டும், அடியும் தவறக்கூடாது. கேட்பவனுக்கு இரண்டு கிடார் வாசிக்கிற மாதிரி இருக்கும். எனக்கும் முதல் தடவை கேட்டபோது பக்கவாத்தியக்காரர் யார் என்றுதான் உறையைத் திருப்பிப் பார்க்கத் தோன்றியது.

நாற்பது வயதுக்கு மேல் கிடார் எடுத்தவன் நான். பகலெல்லாம் கணக்குப் பார்க்கிற வேலை, ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு இந்தக் கட்டை விரல் வேலை. கட்டை விரல் தனியாக இருந்தால் அழகாக நடக்கும். ஆட்காட்டி விரல் நடுவில் ஒரே ஒரு ஸ்வரத்தைப் போட்டால் போதும், கட்டை விரல் அப்படியே நின்று அதை வேடிக்கை பார்க்கும். இல்லாவிட்டால் இரண்டும் ஒரே சமயத்தில் விழும், ஒரு வாசலில் இரண்டு பேர் முட்டிக்கொள்கிற மாதிரி. இப்படியே மூணு மாசம். ஒரு நாள் வேறு ஏதோ யோசனையில் இருந்தபோது கட்டை விரல் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பதைக் கவனித்தேன். கவனித்த உடனே நின்றுவிட்டது. மறுபடி அது வர இன்னும் இரண்டு வாரம் ஆனது. எனக்குச் சொல்லிக்கொடுக்க வந்த ஒரு ஆசிரியர் (பெயர் வேண்டாம்) இதெல்லாம் முறையான கிடார் இல்லை, கன்ட்ரிக்காரர்களின் கைவித்தை என்று சொல்லிவிட்டுப் போனார். உங்கள் கட்டுரையாளர் அந்த அளவுக்குப் போகவில்லை என்றாலும், அந்த வரியில் அதே வாடை கொஞ்சம் அடித்தது, கோபம் வந்ததற்கு அதுவும் காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

சரி, இந்தக் கட்டை விரல் எங்கிருந்து வந்தது? ராக்டைம் என்ற பழைய அமெரிக்கப் பியானோ இசை கேட்டிருப்பீர்கள். இடது கை கீழே ஒரு தடித்த ஸ்வரம், மேலே ஒரு கார்டு, கீழே, மேலே என்று ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டிருக்கும், வலது கை அடிகளுக்கு நடுவில் புகுந்து புகுந்து விளையாடும். கிடாரில் கட்டை விரல் செய்வது அந்த இடது கையின் வேலையைத்தான். அதைப் பியானோவில் வளர்த்தவர்கள் கறுப்பின இசைக்கலைஞர்கள். ஆக ‘கன்ட்ரி கிடார்’ என்று நாம் கேட்பதன் முதுகெலும்பே வேறொரு சமூகத்தின் வேறொரு வாத்தியத்திலிருந்து வந்தது.

அது கிடாருக்கு வந்த வழியில் கென்டக்கி மாநிலத்து மேற்குப் பக்க நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்று ஒருவர். 1886-ல் பிறந்தவர், அடிமையாக இருந்து விடுதலையானவரின் மகன், சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஃபிடிலும் (நாட்டுப்புறப் பாணியில் வாசிக்கும் வயலின்) கிடாரும் வாசித்தவர், 1931-ல் இறந்துபோனார். அவர் வாசித்த ஒரு நிமிஷம்கூட எங்கும் பதிவாகவில்லை. பின்னால் புளூகிராஸ் என்ற கன்ட்ரி வகை இசைக்குத் தந்தை என்று பெயர் வாங்கிய பில் மன்றோ, சின்னப் பையனாக இருந்தபோது இவரோடு சேர்ந்து நடன விருந்துகளில் வாசித்திருக்கிறார். ஷுல்ட்ஸிடமிருந்து கென்னடி ஜோன்ஸ் என்ற வெள்ளைக்காரர் பிடித்துக்கொண்டார், அவரிடமிருந்து மூலன்பர்க் வட்டாரத்தில் மோஸ் ரேகர், ஐக் எவர்லி என்ற இருவர், அவர்களும் சுரங்கத்தில் இறங்கினவர்கள்தான். அவர்கள் வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்ட பையன் மெர்ல் டிராவிஸ். 1917-ல் பிறந்தவர், அவருடைய அப்பாவும் சுரங்கத் தொழிலாளி. இன்றைக்கும் இந்தப் பாணிக்கு ‘டிராவிஸ் பிக்கிங்’ என்று அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். ஷுல்ட்ஸ் பெயரை யாரும் சொல்வதில்லை, அது ஒரு தனி வருத்தம்.

டிராவிஸ் அந்தக் கட்டை விரலை எடுத்துக்கொண்டு சின்சினாட்டி நகரத்து டபிள்யூ.எல்.டபிள்யூ வானொலி நிலையத்துக்குப் போனார். அதன் அலை ஏகப்பட்ட மாநிலங்களைத் தாண்டிப் போகும். அதைக் கேட்டவர்களில் ஒருவர் செட் அட்கின்ஸ். 1924-ல் டென்னஸியில் லட்ரல் என்ற ஊர்ப்பக்கம் பிறந்த பையன், கடுமையான ஆஸ்துமா, அதனால் ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த அப்பாவிடம் அனுப்பி வைத்திருந்தார்கள். மூச்சுத் திணறலில் படுக்க முடியாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்து, தூக்கம் வருகிற வரை கிடார் வாசித்துக்கொண்டிருப்பாராம். வானொலியில் டிராவிஸ் வருகிறார், ஒரே கிடாரில் இத்தனை சத்தம் வருகிறது, எப்படி வருகிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை. டிராவிஸ் வாசித்தது கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் மட்டும் வைத்துக்கொண்டு. பையனுக்கு அது தெரியாது. இவ்வளவு சத்தத்துக்கு இரண்டு மூன்று விரலாவது வேண்டும் என்று அவராக நினைத்துக்கொண்டு, கட்டை விரலோடு மற்ற விரல்களையும் பழக்கிவிட்டார். பார்த்திருந்தால் இரண்டு விரலோடு நின்றிருப்பார். தப்பாகக் கேட்டதால் வந்ததுதான் செட் அட்கின்ஸ் பாணி! எனக்கு இந்த விஷயம் எப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும், அப்புறம் கொஞ்சம் பொறாமையும் வரும், ஏனென்றால் என்னால் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் முடியவில்லை.

இப்போது எல்லை விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரையாளர் சொல்லும் அந்த எல்லையைப் போட்டது வாசித்தவர்கள் இல்லை, விற்றவர்கள். 1920-களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் தங்கள் பட்டியலை இரண்டாகப் பிரித்தன. கறுப்பினத்தவர் வாங்குவதற்கு என்று ‘ரேஸ்’ தட்டுகள், தென்பகுதி ஏழை வெள்ளையர் வாங்குவதற்கு என்று ‘ஹில்பில்லி’ தட்டுகள். இரண்டு பட்டியலிலும் வாசித்தவர்கள் பல சமயம் ஒரே பாட்டைத்தான் வாசித்தார்கள், ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார்கள். கன்ட்ரி இசையின் முதல் நட்சத்திரம் என்று சொல்லப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸ் 1930-ல் ஒரு பாட்டைப் பதிவு செய்தபோது டிரம்பெட் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். கார்ட்டர் குடும்பம் என்று ஒரு குழு, கன்ட்ரிக்கு மூலவர்கள் என்று எல்லோரும் கும்பிடுகிற குழு, அவர்களோடு மலைக்கிராமங்களில் பாட்டுச் சேகரிக்கப் போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிடார்க்காரர். அந்தக் குடும்பத்து மேபெல் கார்ட்டருக்குக் கிடாரில் சொல்லிக்கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு 1949-ல் இசைத்தட்டு விற்பனைப் பட்டியல் போடும் ‘பில்போர்டு’ பத்திரிகை தன் பட்டியல்களின் பெயரை மாற்றியது: ஒன்று ரிதம் அண்ட் புளூஸ் ஆனது, இன்னொன்று கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன் ஆனது. பெயர்தான் மாறியது, வேலி அதே இடத்தில் இருந்தது. அந்த மேபெல் அம்மாவோடும் அவருடைய பெண்களோடும் சேர்ந்து பக்கத்தில் கிடார் வாசித்தபடியேதான் 1950-ல் அட்கின்ஸ் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் வந்து சேர்ந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாருடைய எல்லையை யார் தாண்டினார்கள் என்று இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் அவர் பட்ட பாடு ஒன்று உண்டு, கட்டுரையில் அது வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நாக்ஸ்வில்லில் ஒரு வானொலி நிலையத்தில் ஃபிடில் வாசிக்கப் போனவர் கிடாருக்கு மாறினார். அப்போதெல்லாம் வானொலி என்றால் நேரடி வாசிப்புதான், நிகழ்ச்சி தினமும் உண்டு, நேற்று வாசித்ததையே இன்றைக்கும் வாசித்தால் கேட்கிறவர்களுக்கு அலுத்துவிடும், அதனால் கண்ணில் பட்ட, காதில் விழுந்த எல்லாப் பாட்டையும் கிடாருக்குள் இறக்கியாக வேண்டிய கட்டாயம். ஸ்விங் என்ற ஆட்ட ஜாஸ், பழைய காதல் பாட்டு, பிரெஞ்சு ஜிப்சி ஜாஸ் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் சாயல், எல்லாம் அப்படிச் சேர்ந்ததுதான். இதைச் சோதனை முயற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சம்பளத்துக்காகச் செய்த தினப்படி வேலை அது. அதற்காகவே வேலையும் போயிற்று. மிசௌரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு நிலையம் ‘உன் வாசிப்பில் கன்ட்ரி போதவில்லை’ என்று அவரை அனுப்பிவிட்டது. கேட்டீர்களா! டென்னஸி மலைப்பக்கத்தில் பிறந்து ஃபிடில் வாசித்து வளர்ந்தவரிடம் கன்ட்ரி போதவில்லையாம். 1947-ல் ஆர்சிஏ ஒப்பந்தம் கிடைத்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டார்.

இந்தப் பின்னணியோடு 1956 ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் முழுக்கப் பின்னால் ரிதம் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், மறுபக்கம் அவரும் கிடாரும் மட்டும். கிளென் மில்லரின் பெரிய வாத்தியக் குழு வாசித்து உலகமே ஆடிய ‘இன் தி மூட்’ இந்த ஆல்பத்தில் உண்டு. மில்லரிடம் ஒரு வரிசை சாக்ஸபோன், ஒரு வரிசை டிரம்பெட், டிராம்போன் எல்லாம் இருந்தன. இங்கே சாக்ஸபோன்களின் வேலை ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் போய்விடுகிறது, இரட்டை பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் வேலை கட்டை விரலுக்குப் போய்விடுகிறது. ஆனால் அதில் எனக்குப் பிடித்தது வேறு. பெரிய குழு வாசிக்கும்போது அந்தப் பாட்டில் ஒரு தள்ளுமுள்ளு இருக்கும். அட்கின்ஸ் வாசிக்கும்போது கட்டை விரல் அவசரமே படாது. சுரங்கத்து ஆள் வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கிற நடை அது. நியூயார்க்கின் ஆட்டக்கூடப் பாட்டு கென்டக்கிக்காரன் நடையில் வருகிறது, இதில் எது கன்ட்ரி, எது ஜாஸ் என்று பிரிக்கச் சொன்னால் எங்கே கத்தியை வைப்பீர்கள்?

வால்ட்ஸ் என்ற ஐரோப்பிய நடன இசை வரும்போது இன்னும் வேடிக்கை. நாலடிக்குப் பழகிய கட்டை விரல் மூன்றடிக்கு மாற வேண்டும், கனமாக ஒன்று, லேசாக இரண்டு. வாசிக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள், மாறி மாறித் தட்டிய விரலுக்கு இது எவ்வளவு சங்கடம் என்று. ஐரோப்பியச் செவ்வியல் துண்டுகளில் அவர் அந்த அமுக்கிய ‘டும்’ சத்தத்தையும் எடுத்துவிட்டுக் கம்பிகளைத் திறந்து விடுகிறார், கீழ்க்குரல் தனி மெட்டாகவே நடக்கிறது. ஆனால் காது கொடுத்துக் கேட்டால் உள்ளே அதே ஆள் இருப்பது தெரியும். பட்டுச் சட்டை போட்டாலும் நடை மாறுமா?

அந்த 1956 பற்றி இன்னும் ஒன்று. வருஷ ஆரம்பத்தில் ஆர்சிஏவுக்காக எல்விஸ் பிரெஸ்லி நாஷ்வில்லில் முதல் பதிவு செய்ய வந்தபோது ரிதம் கிடார் வாசித்தவர் இதே அட்கின்ஸ். அங்கே பதிவான ‘ஹார்ட்பிரேக் ஹோட்டல்’ பாப் பட்டியல், கன்ட்ரி பட்டியல், ரிதம் அண்ட் புளூஸ் பட்டியல் மூன்றிலும் ஏறியது. ஒரே பாட்டு மூன்று பட்டியலில்! வேலி எந்த அழகில் இருந்தது என்று தெரிகிறது அல்லவா.

நான் அவருக்குக் கொடி பிடிக்க வந்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். குறையும் சொல்கிறேன். அந்த ஆல்பத்தில் சில பாட்டுகள் எனக்கு ஒட்டுவதில்லை. ரொம்பச் சுத்தம். சட்டை கசங்காமல் வாசிக்கிறார். டிராவிஸ் வாசித்தால் கம்பி உறுமும், சில சமயம் கரகரக்கும், அந்த ஆள் அறையில் இருப்பது தெரியும். அட்கின்ஸ் சில இடங்களில் மரியாதையாக ஒதுங்கி நின்றுகொண்டு நம்மைப் பார்த்துப் புன்னகை செய்வார், அவ்வளவுதான். அந்த மரியாதை பின்னால் பெரிய விஷயமாகவே ஆகிவிட்டது. 1957-ல் ஆர்சிஏவின் நாஷ்வில் பொறுப்பு முழுக்க அவரிடம் வந்தது. ராக் அண்ட் ரோல் வந்து கன்ட்ரி விற்பனையை அள்ளிக்கொண்டு போன நேரம் அது. அவரும் டெக்கா கம்பெனியில் இருந்த ஓவன் பிராட்லியும் ஃபிடிலையும் ஸ்டீல் கிடாரையும் ஓரங்கட்டிவிட்டு வயலின் கூட்டத்தையும் கோரஸையும் கொண்டுவந்தார்கள். ‘நாஷ்வில் சவுண்ட்’ என்று பெயர் வந்தது. பழைய ரசிகர்கள் திட்டினார்கள், இன்றைக்கும் திட்டுகிறார்கள். அது என்ன சவுண்ட் என்று யாரோ கேட்டதற்கு, பாக்கெட்டுக்குள் கையை விட்டுச் சில்லறையைக் குலுக்கிக் காட்டி, காசுச் சத்தம்தான் அது என்றாராம். எல்லைகளை உடைத்தவர் என்று கட்டுரை போற்றுகிற அதே ஆள், பத்து வருஷம் முன்னால் ‘கன்ட்ரி போதவில்லை’ என்று துரத்தப்பட்ட ஆள், அதிகாரம் வந்ததும் அடுத்தவர்களின் ஃபிடிலை எடுத்துவிட்டார். இதையும் எழுதியிருக்க வேண்டும். கலப்பு என்றாலே நல்லது என்று நான் சொல்லவில்லை. கை பழகிச் சேர்கிற கலப்பு ஒன்று, விற்பதற்காக மேலே பூசுகிற கலப்பு ஒன்று, அவர் இரண்டையும் செய்தார், முதலாவதில்தான் அவருக்கு நிகர் இல்லை.

அப்புறம் கட்டுரை இந்த ஆல்பத்தை ஒற்றை முயற்சியாகக் காட்டுவதும் சரியில்லை. அவர் சாகிற வரை இப்படித்தான். 1966-ல் பீட்டில்ஸ் பாட்டுகளை மட்டும் வைத்து ஒரு ஆல்பம் போட்டார், அதன் உறைக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தவர் ஜார்ஜ் ஹாரிசன். பாஸ்டன் பாப்ஸ் ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்தார். 1976-ல் ஜாஸ்காரர் லெஸ் பாலோடு, 1990-ல் ‘டயர் ஸ்ட்ரெய்ட்ஸ்’ ராக் குழுவின் மார்க் நாஃப்ளரோடு, 1997-ல் ஆஸ்திரேலியாக்காரர் டாமி இமானுவேலோடு. நிலக்கரிச் சுரங்கத்து ஐக் எவர்லியைச் சொன்னேனே, அவருடைய இரண்டு பையன்கள்தான் எவர்லி பிரதர்ஸ் என்ற பாட்டு ஜோடி, அவர்கள் நாஷ்வில்லில் கால் ஊன்ற உதவியவரும், அவர்கள் தட்டுகளில் கிடார் வாசித்தவரும் அட்கின்ஸ்தான். கட்டை விரலை எங்கிருந்து வாங்கினாரோ அந்த வீட்டுக்கே திருப்பிக் கொடுத்த மாதிரி எனக்குத் தோன்றும்.

கடைசிக் காலத்தில் தன் பெயருக்குப் பின்னால் ‘சி.ஜி.பி.’ என்று போட்டுக்கொள்வார். சான்றிதழ் பெற்ற கிடார் வாசிப்பவர் என்று அர்த்தம். யார் கொடுத்த சான்றிதழ்? அவரே கொடுத்துக்கொண்டதுதான். பிறகு தனக்குப் பிடித்த நாலு பேருக்கும் அதைக் கொடுத்தார். பட்டத்தையே கிண்டல் செய்த மனிதருக்கு நாம் போய் ‘கன்ட்ரி கலைஞர்’, ‘ஃபியூஷன் முன்னோடி’ என்றெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

சரி, நீளமாகிவிட்டது. கட்டுரையாளர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அவர் எழுதியதால்தான் நானும் இவ்வளவு எழுதினேன். அடுத்து மெர்ல் டிராவிஸ் பற்றி எழுதச் சொல்லுங்கள், ஆர்னால்ட் ஷுல்ட்ஸுக்கு நாலு வரியாவது ஒதுக்கச் சொல்லுங்கள். இடைப்பட்ட நேரத்தில் உங்கள் படப் பிரிவில் அந்தப் புகைப்படத்தின் வெட்டாத பிரதி இருக்கிறதா என்று ஒரு தடவை பார்க்க முடியுமா? இருந்தால் வருகிற ஞாயிறு ஏதாவது ஒரு மூலையில், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, போடுங்கள். முகம் வெட்டுப்பட்டாலும் பாதகமில்லை, கட்டை விரலும் அதில் மாட்டியிருக்கும் வளையமும் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்